பச்சை வயர்

பத்தாம் வகுப்பில் நான் அறிவியலில் மட்டும் தோற்றேன். மற்ற பாடங்களெல்லாம் தேறியிருந்தன. மறுதேர்வு எழுதலாம் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். சின்னமனூரில் பிறந்தவள் கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ வந்தேன். வந்த இடத்தில் திராட்சைப் பந்தல் இருந்தது, மாதா கோயிலை ஒட்டி வீடு இருந்தது, ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் அறிவியல் மார்க்கை யாரும் கேட்கவில்லை.

கேட்டவன் என் தம்பி. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவன். என் வீட்டுக்காரர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே என் முன்னால் உட்கார்ந்தான்.

"அக்கா, அங்கன்வாடியில உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பாகளாம். பத்தாவது பாஸாகியிருக்கணுமாம். உனக்கு சயின்ஸ் ஒண்ணுதான பாக்கி? அத எழுதிப்புடு."

"சரி" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றியா? இப்ப இருக்கிற நெலமையில படிக்க முடியுமா?"

"சரி" என்றேன் மறுபடியும்.

அந்த நாட்களில் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னேன். காபி தரட்டுமா என்றாலும் சரி, பந்தலை இனி கொழுந்தன் பார்த்துக்கொள்ளட்டுமா என்றாலும் சரி, கல்லறையில் சிலுவை மரத்திலா சிமெண்டிலா என்றாலும் சரி. மரமா சிமெண்டா என்று கேட்டவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிமெண்டே வைத்துவிடுகிறோம் என்று எழுந்து போனார்.

என் வீட்டுக்காரர் உயிர் போனது மோட்டார் ரூமில். முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. காலையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. ஆனாலும் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். தரை ஈரமாக இருந்திருக்கிறது. வெறுங்காலோடு உள்ளே போய், மோட்டாரின் மேல் கையை வைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் இருந்த கொழுந்தன்தான் முதலில் பார்த்தது. காய்ந்த கம்பால் மெயினைத் தட்டிவிட்டு, அண்ணனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறான். கம்பம் ஆஸ்பத்திரியில் இறக்கியபோதே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஆள் ஓடிவந்து சொன்னதும் எழுந்து போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நான் அழவில்லை. அடக்கத்துக்கு வந்திருந்த பெண்கள், "அழுதுரு ஆத்தா, உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டா ஒடம்புக்கு ஆகாது" என்றார்கள். முயன்று பார்த்தேன். வருகிற மாதிரி இருந்து வராமல் போகும் தும்மலைப் போல இருந்தது. பிறகு விட்டுவிட்டேன்.

என் மகளும் அழவில்லை. அந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. வகுப்பில் எப்போதும் முதல் இரண்டு பேருக்குள் வருகிறவள். அடக்கம் முடிந்து பள்ளிக்குப் போனாள், காலாண்டுத் தேர்வு எழுதினாள், லீவு முடிந்ததும் போவதை நிறுத்திவிட்டாள். காலையில் எழுப்பினால் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். அடிக்கவோ கெஞ்சவோ எனக்குத் தோன்றவில்லை. வகுப்பாசிரியர் ஒருநாள் வீட்டுக்கே வந்து பேசினார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அதில் சர்க்கரை போடவில்லை என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அவள் செய்த ஒரே வேலை பிளக்குகளைப் பிடுங்குவது. மிக்ஸி, டிவி, இஸ்திரிப் பெட்டி என்று எது சுவரில் மாட்டியிருந்தாலும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ப் பிடுங்கி வைத்துவிடுவாள். ஒருநாள் பிரிட்ஜையும் பிடுங்கிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. மாவு பொங்கி, தூக்குச்சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு கீழே வழிந்திருந்தது. துடைத்தேன். ஏன் பிடுங்கினாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், பேச்சு இல்லை.

தம்பி எனக்கு விண்ணப்பம் போட்டான். நான் படித்த காலத்தில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. இப்போது உண்டு. என்னைப் போன்ற பழைய ஆட்கள் ஏதாவது ஒரு பள்ளியில் போய்ச் செய்முறைப் பயிற்சி எடுக்கவேண்டும். சின்னமனூரில் சனிக்கிழமைதோறும் வரச் சொன்னார்கள். புத்தகம் வாங்க வேண்டியிருக்கவில்லை. மகளுடைய புத்தகமே பையில் கிடந்தது.

எனக்கு மனசுக்குள் வாசிக்க வராது. வாய்விட்டு வாசித்தால்தான் ஏறும். அடுப்படிக் கதவோரம் உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். ஓய்வில் இருக்கும் பொருள், வெளியிலிருந்து ஒரு விசை செயல்படாதவரை, ஓய்விலேயே இருக்கும். அதற்கு நிலைமம் என்று பெயர். அந்த வரியை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றதெல்லாம் புரியவில்லை. புரியாமலேயே வாசித்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்ப் பலகைகளை வாசிப்போமே, அந்த மாதிரி.

சில நாட்கள் கழித்து வேதியியல் பாடம் ஒன்றில் இருந்தேன். வெப்ப உமிழ் வினை, வெப்ப கொள் வினை. "வெப்ப உமிழ் வினையில் வெப்பம் உறிஞ்சப்படுகிறது" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன்.

"தப்பு" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

நான் நிறுத்தினேன்.

"மாத்திச் சொல்ற. உமிழுறதுன்னா வெளிய விடுறது. கொள்றதுன்னா உள்ள எடுத்துக்கிறது."

"எனக்கு நெனப்பில நிக்க மாட்டேங்குது" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்தே பேசினாள். "சோப்புத்தூள உள்ளங்கையில வச்சுக் கொஞ்சம் தண்ணி ஊத்துனா சுடும்ல? அது உமிழ். யூரியாவ வாளியில கரைச்சா வாளி சில்லுன்னு ஆயிரும்ல? அது கொள். தண்ணியில இருக்கிற சூட்ட அது எடுத்துக்கிரும்."

எனக்கு அந்த வாளி தெரியும். பந்தலுக்கு யூரியா கரைக்கும்போது அவர் கையாலேயே கலக்குவார். கலக்கி முடித்த கையை, நான் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து வந்து என் பிடரியில் வைப்பார். ஐஸ் மாதிரி இருக்கும். நான் கத்துவேன். அதை நினைத்தபோது ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெப்ப கொள் வினை என்று இன்னொரு தடவை வாசித்தேன். இந்தத் தடவை சரியாக வந்தது.

அன்றிலிருந்து அவள் திருத்த ஆரம்பித்தாள். முதலில் போர்வைக்குள்ளிருந்து, பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பிறகு என் எதிரில் வந்து. எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ பேசவில்லை. வேர் எப்படித் தண்ணீரை உறிஞ்சுகிறது, இதயத்தின் எந்தப் பக்கத்தில் கெட்ட ரத்தம் வருகிறது, அமிலத்தோடு காரம் சேர்ந்தால் என்ன ஆகும், இவற்றைப் பற்றித்தான் பேசினோம். பேசுகிறபோது அவள் முகத்தைப் பார்ப்பேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அதை நான் பார்த்தேன் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் எடுத்துவிட்டேன். கை தானாகவே வெடுக்கென்று பின்னால் வந்தது. குழம்பு தரையில் கொட்டியது.

"அனிச்சைச் செயல்" என்றாள் மகள். "மூளைக்குப் போகாது. தண்டுவடமே கைய எடுக்கச் சொல்லிரும். வலியெல்லாம் அப்புறம்தான் தெரியும்."

"எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். போய்க் கரித்துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள்.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு என்னைப் போலச் சிலர் வந்தார்கள். மேகமலை எஸ்டேட்டிலிருந்து ஒருவர், விடிவதற்கு முன்னாலேயே பஸ் ஏறி, ஸ்வெட்டரோடு வந்து, எங்களுக்கெல்லாம் வியர்க்கிறபோது அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொள்வார். சொல்லிக்கொடுத்த டீச்சர் என்னைவிட வயது குறைந்தவர். எல்லாரையும் வாங்க போங்க என்றே கூப்பிட்டார். ஒருநாள் நீலக் கட்டி ஒன்றைத் தந்தார். எங்கள் பந்தலுக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற மயில்துத்தம்தான். அதைச் சோதனைக் குழாயில் போட்டு விளக்கில் காட்டச் சொன்னார். காட்டக் காட்ட நீலம் வெளுத்தது. குழாயின் மேல்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்தது. கடைசியில் அடியில் வெள்ளைப் பொடி மட்டும் இருந்தது.

"இந்த உப்புக்குள்ள தண்ணி இருந்துச்சு. அது போனதும் நிறமும் போச்சு. இப்ப ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க" என்றார் டீச்சர். விட்டேன். பொடி மறுபடி நீலமானது. எஸ்டேட்காரர் "அட!" என்றார். எனக்கு அதிசயமாக இல்லை. எழுதவேண்டியதை எழுதிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மேஜை மேல் வயர்கள் இருந்தன. ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, சின்ன பேட்டரிப் பெட்டி, முள் ஆடுகிற மீட்டர்கள். ஒவ்வொருவராக வந்து வயரை மாட்டவேண்டும். என் முறை வந்தது. நான் மேஜை முன்னால் நின்றேன். கை உயரவில்லை. பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"பேட்டரிதாம்மா. ஒண்ணும் செய்யாது" என்றார் டீச்சர்.

"தெரியுது டீச்சர்" என்றேன். கை அப்படியேதான் இருந்தது.

எஸ்டேட்காரருக்கு என் கதை யார் மூலமாகவோ தெரிந்திருக்கவேண்டும். டீச்சர் பக்கம் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னார். டீச்சர் முகம் மாறியது. "இன்னிக்கு வேண்டாம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்ற அந்தச் சொல்தான் என்னைத் தள்ளியது. என் வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் சொல்கிற சொல் அது. சிவப்பு வயரை எடுத்து மாட்டினேன், கறுப்பையும் மாட்டினேன். மீட்டர் முள் அசைந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு உள்ளங்கையை முந்தானையில் துடைத்தேன். உத்தமபாளையம் தாண்டும்வரை துடைத்துக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தில் மின்னோட்டம் பாடத்தைத் தேடினேன். ஒலியும் ஒளியும் வந்தன, அது வரவில்லை. பிறகுதான் பார்த்தேன். அந்தப் பாடத்தின் பக்கங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தது. புரியாமல் வாசித்துக்கொண்டு போனதில் நான் அதைக் கவனிக்கவில்லை. அவளும் பாடம் வரிசையாகச் சொல்லித்தந்ததில், இதை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தப் பாடத்துல கேள்வி வருமாம்ல. டீச்சர் சொன்னாக."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் அப்பாகிட்டச் சொன்னேம்மா" என்றாள்.

"என்ன சொன்ன?"

"அங்கன மோட்டார் ரூம்ல பச்சை வயர் அந்து தொங்குச்சு. அதுக்கு முந்துன வாரந்தான் கிளாஸ்ல நடத்துனாக. பச்சை வயர் எர்த்து. மோட்டாருக்குள்ள எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சா, அது வழியா மண்ணுக்குள்ள போயிரும், தொடுற ஆளு மேல ஏறாது. நான் சோறு கொண்டு போனப்பப் பாத்துட்டுச் சொன்னேன். அப்பா சிரிச்சாக. அடுத்த வாரம் பாத்துக்கலாம் ஆத்தான்னு சொன்னாக." மூச்சு வாங்கினாள். "நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்ல? தெனமும் சொல்லியிருக்கணும்ல? எனக்குத்தானம்மா தெரியும் அது எதுக்குன்னு? உங்க ரெண்டு பேருக்கும் தெரியாதுல்ல?"

நடந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கே அப்பா வீட்டுக்கு வந்து என்கிட்டச் சொன்னாக. நம்ம பிள்ளைக்கு கரண்டு வேலையெல்லாம் தெரிஞ்சிருக்குடி, எந்த வயரு என்னான்னு சொல்லுதுன்னு. சாப்பிடும்போது சொன்னாக, சித்தப்பா வந்தப்ப அவர்கிட்டயும் சொன்னாக. ரெண்டு நாளு அதே பேச்சுத்தான். ரொம்பச் சந்தோசப்பட்டாக."

"அப்ப ஏன் மாட்டல?"

"தெரியல ஆத்தா. வேலை இருந்துச்சு. மருந்தடிக்க ஆளு வந்திருந்துச்சு. உங்கப்பா எதத்தான் அன்னன்னிக்கே செஞ்சாக?"

அவள் அழுதாள். உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். மூக்கு ஒழுகியது, வெங்காயக் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னும் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்து முகத்திலிருந்து எடுத்து, முந்தானையை நனைத்துத் துடைத்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகு சூடாக இருந்தது. அதில் கையை வைத்திருந்தேன்.

பிறகு அவளே கத்தி முனையால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். காகிதம் ஓரத்தில் கிழிந்தது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை. மூன்றையும் ஒரே மூச்சில் நடத்தினாள். பைப்பில் ஓடுகிற தண்ணீரை வைத்துச் சொன்னாள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் வருவது போல, பைப் ஒடுங்கினால் வரத்து குறைவது போல. ஈரமான உடம்பில் தடை ஏன் குறைவு என்ற இடம் வந்தபோது வரியில் விரலை வைத்துக்கொண்டாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். எனக்குப் புரிந்தது. அவருக்கு என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதுவரை "கரண்டு அடிச்சிருச்சு" என்ற சொல் மட்டும்தான் என்னிடம் இருந்தது.

அந்த வாரமே அவள் கொழுந்தன் வீட்டுக்குப் போய், "சித்தப்பா, எர்த் போடாம இனிமே யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கொழுந்தன் என்னிடம் வந்தான். "மதினி, பாப்பா சொல்றது நாயந்தான். நான் அந்த ரூமுக்குள்ள போறதே இல்ல. கம்பாலதான் சுவிட்சைத் தட்டுறேன். யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

எலக்ட்ரீசியன் வந்து மோட்டார் ரூமுக்கு வெளியே குழி தோண்டச் சொன்னார். கொழுந்தன் தோண்டினான். இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். உப்பு ஏன் என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டேன். மண் காயாமல் இருந்தால்தான் கரண்டை வாங்கும் என்றார். மகள் ரப்பர் செருப்போடு வாசலில் நின்றாள். பச்சை வயரை மோட்டார் உடம்பில் திருகி முடித்ததும், டெஸ்டரை வாங்கி அவளே வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தாள். எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தாள். எலக்ட்ரீசியன் பொறுமையாக நின்றார். நான் பந்தலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கவாத்து முடிந்து புதுத் துளிர் விட்டிருந்தது. அவர் இருந்திருந்தால் இந்நேரம் மருந்து அடித்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு கணக்குப் பாடம் மாதிரி வந்து போனது.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் மகள் பள்ளிக்குப் போனாள். சடை பின்னச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னிவிட்டேன்.

பரீட்சையை அவள் அவளுடைய பள்ளியில் எழுதினாள், நான் தனித்தேர்வர்களுக்கான மையத்தில் எழுதினேன். ஒரே நாள், ஒரே கேள்வித்தாள். வீட்டுக்கு வந்து இருவரும் விடையை ஒப்பிட்டுப் பார்த்தோம். ரத்தம் சம்பந்தமான கேள்வியில் நான் பாதியைத் தப்பாக எழுதியிருந்தேன். வீட்டு மின்சுற்றைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. இரண்டு பேரும் எழுதியிருந்தோம். அதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போனோம்.

நான் தேறினேன். நல்ல மார்க் என்று சொல்ல முடியாது, ஆனால் தேறினேன். தம்பி போன் பண்ணி, "அக்கா, பாஸாயிட்ட!" என்று ஜீப் சத்தத்துக்கு மேல் கத்தினான். மகளும் தேறினாள். அவள் வாங்கியிருக்கவேண்டிய மார்க்கில் நிறையக் குறைந்திருந்தது. அறிவியலில் மட்டும் குறையவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். அறிவியல் பிரிவில் இடம் தருவதாகத்தான் பள்ளியில் சொன்னார்கள். என்னைப் பார்த்து, "சயின்ஸ்ல இவ்வளவு வாங்கியிருக்கு, வேற எதுல சேக்கிறதும்மா?" என்றார் அங்கிருந்த ஆசிரியர். மகள், "எனக்கு வணிகவியல் போதும் சார்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் மகளைக் கேட்டேன்.

"நெசமாவா?"

"போதும்மா. சயின்ஸ் படிச்சது போதும்."

நான் அவளை வற்புறுத்தவில்லை. சேர்த்துவிட்டு வெளியே வந்தோம். அங்கன்வாடி வேலைக்கு எழுதிப்போட்டிருந்தேன், பதில் வரவில்லை. பிறகு அந்த வேலை கிடைத்தது, அதற்கு இன்னும் பல மாதம் ஆயிற்று. அன்றைக்கு எங்களிடம் அவளுடைய சேர்க்கைச் சீட்டு மட்டும்தான் இருந்தது. கம்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெயில் கொளுத்தியது. ஒரு ஹோட்டலில் வாசலில் நின்று மாவைச் சுழற்றிச் சுழற்றிப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டுப் போவமாம்மா?" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவள் சால்னாவை அள்ளி ஊற்றிப் பிசைந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். இலையை வழித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. முதலில் என்னவென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பசி என்று தெரிந்தது. எனக்கும் ஒரு பரோட்டா கொண்டுவரச் சொன்னேன்.